ஏரோ சாரினன் எந்த வகை? ஆளுமை வகைகளை முதலிலிருந்து புரிந்துகொள்வோம்

புகழ்பெற்ற கலைஞரைப் பற்றியோ விஞ்ஞானியைப் பற்றியோ பேச்சு வந்தால், இன்று யாராவது ஒருவர் நான்கு எழுத்துகளைச் சொல்லிவிடுகிறார். ஒரு வினாத்தாளின் விடைகளைக் கொண்டு ஒருவருடைய ஆளுமை வகையைக் குறிக்கும் ஐ.என்.டி.ஜே., இ.என்.டி.பி. என்பது போன்ற எழுத்துகள். அலுவலகப் பயிற்சி வகுப்பிலும் கல்லூரி வேலைவாய்ப்பு முகாமிலும் அவை புழங்குகின்றன. திருமணப் பேச்சில்கூட எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. அவர் இந்த வகை ஆள், ஆகவே இப்படி வாழ்ந்தார், இப்படி வரைந்தார் என்று ஒரு முழு வாழ்க்கைக்கும் அந்த நான்கு எழுத்துகளில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று விவரிப்பது வேறு. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்குவது வேறு. ஆளுமை வகை முதல் வேலையை ஓரளவுக்குச் செய்யும். இரண்டாவது வேலையை அதனிடம் கொடுப்பதால்தான் குழப்பமே வருகிறது.

இதை விளக்க ஏரோ சாரினனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நவீனத்துவக் கட்டடக் கலைஞர், நாற்காலி மேசைகளின் வடிவமைப்பாளர். நவீனத்துவம் என்றால், பழைய பாணிகளின் அலங்காரங்களை விலக்கி, எஃகு, கண்ணாடி, கான்கிரீட் போன்ற புதிய பொருள்களையும் கட்டடத்தின் பயன்பாட்டையும் முன்வைத்து வடிவமைக்கும் போக்கு என்று புரிந்துகொண்டால் போதும். சாரினனைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. மறைந்த பிரபலங்களுக்கு வகை சொல்பவர்கள் பெரும்பாலும் புகைப்படங்களையும் மேற்கோள்களையும் வைத்து ஊகிக்கிறார்கள். சாரினனோ உளவியலாளர்கள் முன் உண்மையாகவே அமர்ந்து, சோதனைகளுக்கு உட்பட்டவர்.

சட்டையின் அளவுச் சீட்டு

ரெடிமேட் சட்டைக் கடையில் 38, 40, 42 என்று அளவுகள் இருக்கும். மனிதர்களின் மார்போ அந்த மூன்று எண்களில் மட்டும் அமைவதில்லை. 37.5 அங்குலக்காரர் இருப்பார், 39.2 இருப்பார், 40.9 இருப்பார். இடைவெளியே இல்லாமல் எல்லா அளவிலும் ஆட்கள் உண்டு. தைப்பவருக்கும் விற்பவருக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக, தொடர்ந்து போகும் ஒரு கோட்டைச் சில இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சீட்டு பயனற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வெட்டு விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இருவர், வெவ்வேறு எண் சட்டை போட்டாலும், உடலளவில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். ஒரே எண் சட்டை போடும் இருவரிடையே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 42 எண் சட்டை போடுவதால் யாருடைய மார்பும் அகலமாவதில்லை. அகலமாக இருப்பதால்தான் அந்த எண். அந்த அகலம் எப்படி வந்தது என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பரம்பரையா, உணவா, உடற்பயிற்சியா என்பதெல்லாம் வேறு விசாரணை.

இனி மூன்று சொற்கள். ஒருவர் சிந்திப்பதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும் நெடுநாள் மாறாமல் தெரியும் போக்குகளின் மொத்தமே ஆளுமை. அந்தப் போக்குகளில் ஒன்றைத் தனியே எடுத்து, கூடுதல் குறைவாக அளந்தால் அது ஆளுமைப் பண்பு. பண்புகளின் கோட்டை வெட்டி, துண்டுகளுக்குப் பெயர் வைத்தால் அது ஆளுமை வகை. பண்பு என்பது மார்பளவு, வகை என்பது சட்டை எண்.

நான்கு எழுத்துகள் வந்த வழி

சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் உளவியல் வகைகள் குறித்த தமது நூலை வெளியிட்டார். மனத்தின் ஆற்றல் உள்நோக்கித் திரும்புவது அகமுகம், வெளியுலகை நோக்கித் திரும்புவது புறமுகம் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் அவர்தான். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற பெண்மணி அந்த நூலில் ஆழ்ந்துபோனார். அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டறிய உதவும் ஒரு வினாத்தாளை உருவாக்கத் தொடங்கினார். தாய், மகள் இருவருமே உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் விடாமல் உழைத்தவர்கள் அவர்கள். அந்த வினாத்தாள்தான் மையர்ஸ்–பிரிக்ஸ் வகைகாட்டி.

அதில் நான்கு இணைகள் உண்டு. அகமுகமா புறமுகமா என்பது முதல் இணை. கண்முன் இருக்கும் விவரங்களை நம்புபவரா, அல்லது அவற்றுக்குப் பின்னாலுள்ள சாத்தியங்களையும் தொடர்புகளையும் தேடுபவரா என்பது இரண்டாவது. முன்னதைப் புலனறிவு என்றும் பின்னதை உள்ளுணர்வு என்றும் சொல்கிறார்கள். முடிவெடுக்கும்போது தர்க்கத்தை முதலில் வைப்பவரா, மனிதர்களையும் மதிப்புகளையும் முதலில் வைப்பவரா என்பது மூன்றாவது. வேலையைத் திட்டமிட்டு முடித்துவிட விரும்புபவரா, கடைசிவரை திறந்து வைக்க விரும்புபவரா என்பது நான்காவது. ஒவ்வொரு இணையிலும் ஒன்றைத் தேர்ந்தால், நான்கு எழுத்துகளில் மொத்தம் 16 வகைகள் வரும்.

வெட்டு விழும் இடம் நடுப்புள்ளி. ஆனால் பலருடைய மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டால், இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் தெரிவதில்லை; பெரும்பாலோர் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டொரு கேள்விகளுக்கு விடையை மாற்றினாலே எழுத்து மாறிவிடும். சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை மறுபடி எழுதும்போது கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறுவதற்கு இதுதான் காரணம். அவர்கள் மாறியிருக்கத் தேவையில்லை. வெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான்.

சுருக்கமாக: பண்புகள் தொடர்ச்சியானவை. வகைகள் நாம் போட்ட வெட்டுகள். வெட்டுக்கு அருகில்தான் கூட்டம் அதிகம்.

ஹ்விட்ரெஸ்கிலிருந்து மிச்சிகனுக்கு

ஏரோ சாரினன் 1910 ஆகஸ்ட் 20 அன்று ஃபின்லாந்தின் கிர்க்கோனும்மியில் பிறந்தார். தந்தை எலியல் சாரினன், ஹெல்சிங்கி மத்திய ரயில் நிலையத்தை வடிவமைத்தவர். தாய் லோயா சிற்பி, நெசவுக் கலைஞர். ஹ்விட்ரெஸ்க் என்ற அவர்களுடைய வீட்டில் குடியிருப்பும் அலுவலகமும் ஒன்றாகவே இருந்தன. அப்பாவின் வரைபலகைக்கு அருகிலேயே மகன் வரைந்து வளர்ந்தான். 1922-இல், தீக்குச்சிகளைக் கொண்டு வடிவமைக்கும் ஒரு ஸ்வீடன் போட்டியில் சிறுவன் ஏரோவுக்கு முதல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் கோபுரத்துக்கான உலகப் போட்டியில் தந்தைக்கு இரண்டாம் பரிசு. அந்தப் பரிசை ஒட்டி, 1923-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் எலியல் கட்டியெழுப்பிய கிரான்புரூக் கலைக் கழகம் ஏரோவின் இரண்டாவது வீடானது. பாரிஸில் சிறிது காலம் சிற்பம் பயின்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். கிரான்புரூக்கில் அவருக்கு வாய்த்த நண்பர்களைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லவே முடியாது. ஒருவர் சார்ல்ஸ் ஈம்ஸ். பின்னாளில் மனைவி ரே ஈம்ஸுடன் சேர்ந்து 1958-இல் இந்திய அரசுக்கு வடிவமைப்பு பற்றிய அறிக்கை எழுதி, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறக்க வழிசெய்த அதே ஈம்ஸ். இன்னொருவர் ஃப்ளோரன்ஸ் நோல். சாரினன் வடிவமைத்த நாற்காலிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் இவருடையது.

1940-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய வீட்டு அறைகலன் போட்டியில் ஈம்ஸும் சாரினனும் சேர்ந்து பரிசு வென்றனர். போர் நடந்த ஆண்டுகளில் சாரினன் வாஷிங்டனில் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பில் வரைகலைப் பணி செய்தார். 1947, 48 ஆண்டுகளில் நடந்த செயின்ட் லூயிஸ் நகரின் நினைவுச் சின்னப் போட்டியில் தந்தையும் மகனும் தனித்தனியே வரைபடம் அனுப்பியிருந்தார்கள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வான செய்தி பெயர்க் குழப்பத்தில் தந்தைக்கு வந்தது. குடும்பமே கொண்டாடியது. சில நாள்களில் திருத்தம் வந்தது, தேர்வானது மகன். தந்தை இன்னொரு புட்டியைத் திறந்து மகனுக்காகக் கொண்டாடினாராம். இன்று அங்கே 630 அடி உயரத்தில் நிற்கும் எஃகு வளைவு, அந்த மகனின் வரைபடம்தான்.

அதன்பின் வேலைகள் குவிந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கிரெஸ்கி அரங்கம், நியூயார்க்கில் சிறகு விரித்தாற்போன்ற டி.டபிள்யூ.ஏ. விமான முனையம், வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம். ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. இந்த மனிதருக்கு நிலையான பாணியே கிடையாதா என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். ஒவ்வொரு வேலையும் தனக்கான வடிவத்தைக் கேட்கிறது என்பது அவருடைய நிலை. எனக்கு இதுதான் அவரிடம் மிகவும் பிடித்தது. 1961 செப்டம்பர் 1 அன்று, மூளைக் கட்டிக்கான அறுவை சிகிச்சையின்போது, 51 வயதில் காலமானார்.

பெர்க்லியில் ஒரு வார இறுதி

1949-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆளுமை மதிப்பீட்டு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் டொனால்ட் மெக்கின்னன். போர்க் காலத்தில் இவரும் ஓ.எஸ்.எஸ். அமைப்பில்தான் இருந்தார், உளவுப் பணிக்கு ஏற்றவர்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. போர் முடிந்தபின் அவர் கேட்ட கேள்வி: படைப்பாற்றல் மிக்கவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது?

கட்டடக் கலைஞர்களைத் தேர்ந்ததில் ஒரு நியாயம் இருந்தது. கலையும் பொறியியலும் வணிகமும் ஒருசேரத் தேவைப்படும் தொழில் அது. பெர்க்லியின் கட்டடக்கலைப் பேராசிரியர்கள் ஐந்து பேர், நாட்டின் மிகுந்த படைப்பாற்றல் கொண்ட கட்டடக் கலைஞர்களின் பெயர்களைப் பரிந்துரைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 40 பேர் 1958, 59 ஆண்டுகளில் பத்துப் பத்துப் பேராக வந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு வார இறுதியை அங்கே கழித்தது. ஃபிலிப் ஜான்சன், ரிச்சர்ட் நோய்ட்ரா வந்தார்கள். ஏரோ சாரினன் வந்தார். தங்கள் காலத்தின் மிகப் பெரிய பெயர்கள், பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக அமர்ந்து வினாத்தாள்களை நிரப்பினார்கள். மையர்ஸ்–பிரிக்ஸ் வகைகாட்டியும் அவற்றுள் ஒன்று. அது பரவலாக வெளியிடப்படுவதற்கு முந்தைய காலம் அது.

எழுத்துத் தேர்வோடு நிற்கவில்லை. ஓர் அங்குலச் சதுர அட்டைத் துண்டுகள் 22 நிறங்களில் கொடுக்கப்பட்டன. எட்டுக்குப் பத்து அங்குலப் பரப்பில், அரை மணி நேரத்தில், விரும்பிய வடிவத்தை அடுக்க வேண்டும். சாரினன் 21 நிறங்களை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் எடுத்து, முழுப் பரப்பையும் வெள்ளையாலேயே நிரப்பினார்.

ஒப்பிடுவதற்காக இன்னும் இரண்டு குழுக்களையும் மெக்கின்னன் சேர்த்தார். ஒன்று, முதலில் அழைக்கப்பட்ட கட்டடக் கலைஞர்களில் ஒருவரிடம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை செய்த 43 பேர். மற்றொன்று, அப்படித் தொடர்பில்லாத 41 பேர். இந்த ஏற்பாடு முக்கியமானது. பிரபலங்களை மட்டும் சோதித்திருந்தால், கண்டறிந்தவை படைப்பாற்றலுக்கு உரியவையா, கட்டடக் கலைஞர்கள் எல்லோருக்கும் பொதுவானவையா என்று பிரிக்கவே முடியாது.

நாற்பதுக்கு நாற்பது

ஆய்வின் மிகவும் பேசப்பட்ட முடிவு இது: புகழ்பெற்ற நாற்பது பேரும், ஒருவர் விடாமல், இரண்டாவது இணையில் உள்ளுணர்வுப் பக்கம் விழுந்தார்கள். மற்ற இரு குழுக்களில் அந்த விகிதம் குறைவு. முதல் இணையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அகமுகத்தினர்.

நாற்பதுக்கு நாற்பது என்பது பெரிய விஷயம்தான், மறுக்க வேண்டியதில்லை. பண்புகளை அளப்பதில் உண்மையான பயன் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் எந்தத் திசையில் அதைப் படிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். சிறந்த கட்டடக் கலைஞர்கள் உள்ளுணர்வுப் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்றால், உள்ளுணர்வுப் பக்கம் சாய்ந்தவர்கள் சிறந்த கட்டடக் கலைஞர்கள் ஆவார்கள் என்று பொருளல்ல. அந்தச் சாய்வுள்ளவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். மேலும், இருபது முப்பது ஆண்டுகள் வெற்று மனையைப் பார்த்து, அங்கே இல்லாத கட்டடத்தைக் கற்பனை செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களிடம், அந்தத் தொழிலே அந்தச் சாய்வை வளர்த்திருக்கவும் கூடும். மார்பு அகலமானவர்கள் பளுதூக்கப் போகிறார்களா, பளு தூக்கியதால் மார்பு அகலமானதா என்று சட்டை எண் சொல்லாது.

இதைவிடப் பயனுள்ள வேறு முடிவுகள் அந்த ஆய்வில் இருந்தன. அவை ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. நாற்பது பேருக்குள்ளே, நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணுக்கும் படைப்பாற்றல் மதிப்பீட்டுக்கும் இடையே தொடர்பு ஏறக்குறைய பூஜ்யம். தங்களை விவரிக்கச் சொன்னபோது, புகழ்பெற்றவர்கள் புதியது காண்பவன், உறுதியானவன், தன்னிச்சையானவன், உழைப்பாளி என்ற சொற்களைத் தேர்ந்தார்கள். மற்றவர்கள் பொறுப்பானவன், நேர்மையானவன், நம்பத்தகுந்தவன் என்பவற்றை. குழந்தைப் பருவம் குறித்த பேட்டிகளில் இன்னொன்று தெரிந்தது: பெற்றோர் பிள்ளையின் திறமையில் அசாதாரணமான மதிப்பும் நம்பிக்கையும் வைத்திருந்தார்கள், பலருடைய வீட்டில் தாயோ தந்தையோ கலை நாட்டம் உள்ளவர், பல குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் மாறியவை. சாரினனின் பன்னிரண்டு வயதுவரையிலான வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். சிற்பியான தாய், மகனைத் தன் வரைபலகைக்கு அருகில் வைத்துக்கொண்ட தந்தை, கடல் கடந்த குடிபெயர்வு. நான்கு எழுத்துகள் சொல்லாத ஏதோ ஒன்றை இது சொல்கிறது.

சுருக்கமாக: வகை ஒரு சாய்வைக் காட்டுகிறது. அந்தச் சாய்வு ஒரு தொழிலில் அதிகம் காணப்படலாம். அதனாலேயே அது அந்தத் தொழிலின் காரணம் ஆகிவிடாது.

சாரினனுக்கு நாமே வகை சொல்லிப் பார்த்தால்

அவருடைய வாழ்க்கையை மட்டும் வைத்து நான்கு எழுத்துகளை ஊகிக்க முயன்றால் என்ன ஆகும்?

உள்ளுணர்வா, புலனறிவா? டி.டபிள்யூ.ஏ. முனையத்தின் கூரையைப் பார்ப்பவர் உடனே உள்ளுணர்வு என்பார். ஆனால் டல்லஸ் விமான நிலையத்தை வடிவமைக்கத் தொடங்கியபோது சாரினன் முதலில் செய்தது, தம் குழுவினரிடம் நிறுத்தக் கடிகாரங்களைக் கொடுத்துப் பிற விமான நிலையங்களுக்கு அனுப்பியது. பயணிகள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எங்கே காத்திருக்கிறார்கள் என்று அளந்து வரச் சொன்னார். அந்த அளவீடுகளிலிருந்துதான், பயணிகளை உட்காரவைத்தே விமானம் வரை கொண்டுசெல்லும் நகரும் கூடங்கள் என்ற யோசனை உருவானது. விமானத்தை நோக்கிப் பறப்பது போல் சரியும் அந்தக் கூரைக்கு அடியில் நிறுத்தக் கடிகாரத்தின் எண்கள் இருக்கின்றன. இவரை எந்தப் பக்கம் வைப்பது?

தர்க்கமா, உணர்வா? இங்கே இன்னும் சிக்கல். கலை விமர்சகர் ஆலின், 1953-இல் சாரினனைப் பற்றி நியூயார்க் டைம்ஸுக்குக் கட்டுரை எழுதுவதற்காக அவரைச் சந்தித்தார். காதல் மலர்ந்து, சாரினனின் முதல் திருமணம் முறிந்தபின் 1954-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். அந்த நாள்களில் சாரினன் ஆலினுக்கு எழுதிய காதல் குறிப்பு ஒன்று அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது ஓர் எண்ணிட்ட பட்டியல். முதலில் நீ மிகவும் புத்திசாலி என்று கண்டேன், அடுத்து அழகி என்று கண்டேன் என்று வரிசை எண் போட்டு அவருடைய நற்குணங்களை அடுக்குகிறார். ஒழுங்கும் திறமையும்கூட அந்தப் பட்டியலில் இடம்பெறுகின்றன. கடைசியில், தோண்டத் தோண்ட அடித்தளத்தில் உறுதியான கருங்கல்லே கிடைக்கிறது, அதன்மேல் நாம் ஒரு வாழ்க்கையைக் கட்டலாம் என்கிறார். இவ்வளவு உருகிய மனம் எண்ணிட்ட பட்டியலாக வெளிப்படுகிறது. தர்க்கம், உணர்வு என்ற இரண்டு பெட்டிகளில் எதில் போட்டாலும் மற்ற பாதி வெளியே நிற்கும்.

மற்ற இரண்டு இணைகளும் இப்படித்தான். நண்பர்களும் குழுவும் இல்லாமல் அவர் எதையும் வடிவமைத்ததில்லை. ஆயினும் மணிக்கணக்கில் வரைபலகையிலேயே மூழ்கிக் கிடப்பவர். மாதிரிகளை மறுபடி மறுபடி செய்து பார்த்து முடிவைத் தள்ளிப்போடுபவர். ஆயினும் மிகப் பெரிய நிறுவனங்கள் நம்பி வேலை கொடுத்தவர்.

பிறகு ஏன் அது பொருந்துவதாகத் தோன்றுகிறது?

வகை விவரணையைப் படிக்கும் பலர், என்னை அப்படியே எழுதிவைத்திருக்கிறதே என்று வியக்கிறார்கள். அந்த வியப்பை 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் சோதித்துப் பார்த்தார். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4-ஐத் தாண்டியது. உண்மையில் எல்லாத் தாள்களிலும் இருந்தது ஒரே வாசகம்தான். பத்திரிகைக் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் அவை. வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுபவர், சில நேரம் கலகலப்பானவர், சில நேரம் ஒதுங்குபவர் என்ற மாதிரியானவை. யாருக்குத்தான் பொருந்தாது?

இதனால் மையர்ஸ்–பிரிக்ஸ் முழுவதும் சோதிடம் என்று முடிவுகட்டக் கூடாது. அது உண்மையான பண்புகளையும் ஓரளவு தொடுகிறது. பொருந்துவதாகத் தோன்றும் உணர்வு சான்று ஆகாது என்பதை மட்டும் இந்தச் சோதனை உறுதியாகச் சொல்கிறது.

வெட்டாமல் அளப்பது

ஆய்வாளர்கள் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது ஐம்பண்பு முறை. புதியதை ஏற்கும் திறந்த மனம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை என்ற ஐந்து பண்புகளையும் வெட்டுப் போடாமல் அளவாகவே தருவது அது. நான்கெழுத்து இணைகளின் மதிப்பெண்கள் இவற்றில் நான்கோடு தொடர்பு காட்டுகின்றன. உள்ளுணர்வு என்பது திறந்த மனத்துக்கு மிக நெருக்கம். ஐந்தாவதான கலங்கும் தன்மை நான்கெழுத்தில் இல்லவே இல்லை. படிக்க இனிமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 16 வகைகளில் எதுவும் நம்மைக் கலங்குபவர் என்று சொல்வதில்லை.

அலுவலகத்தில் உங்களுக்கு இந்தத் தேர்வு வைத்தால், எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள், மதிப்பெண்ணைக் கேளுங்கள். நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஆளெடுக்க இதைப் பயன்படுத்துவது தவறு என்று மையர்ஸ்–பிரிக்ஸ் அறக்கட்டளையே சொல்கிறது. நேர்காணலில் எதிர்ப்பட்டால் இதை நினைவில் வையுங்கள்.

துலிப் நாற்காலி எப்படிப் பிறந்தது

வகையை நீக்கிவிட்டு, காரணத்தைத் தேடினால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு நாற்காலியில் பார்ப்போம். தண்டின்மேல் பூத்த மலர்போல ஒற்றைக் காலில் நிற்கும் துலிப் நாற்காலி, 1950-களின் நடுவில் உருவானது. அமெரிக்க வீட்டின் அறையில் மேசைக்கும் நாற்காலிக்கும் அடியில் கால்கள் சேரி போல நெருக்கியடிக்கின்றன, அதை ஒழிக்க வேண்டும் என்பது சாரினனின் நோக்கம்.

தனி நாற்காலியைப் பார்க்காமல், அறைக்குள் நிற்கும் நாற்காலியாக அதைப் பார்க்கும் இந்தப் பார்வை தந்தையிடமிருந்து வந்தது. எதையும் அதைவிட ஒரு படி பெரிய சூழலில் வைத்து வடிவமைக்க வேண்டும் என்பது எலியலின் பாடம்: நாற்காலியை அறையில், அறையை வீட்டில், வீட்டைச் சுற்றுப்புறத்தில், சுற்றுப்புறத்தை நகரத்தில். வளைந்த ஓடு போன்ற இருக்கை என்ற எண்ணம் ஈம்ஸோடு சேர்ந்து 1940-இல் செய்த ஒட்டுப்பலகை நாற்காலிகளில் தொடங்கியது. அன்று பலகையை இரு திசைகளிலும் வளைத்துப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொழில்நுட்பம் போதவில்லை. பின்பு ஃப்ளோரன்ஸ் நோல், சுருண்டு உட்கார இடம் தரும் நாற்காலி ஒன்றைக் கேட்டார். கண்ணாடியிழையில் படகு செய்யும் நியூ ஜெர்சிக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அந்தப் பொருளில் 1948-இல் வூம் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். துலிப் அதன் அடுத்த படி. இளமையில் பயின்ற சிற்பக் கலை அதன் தண்டின் வளைவில் இருக்கிறது.

முழு நாற்காலியையும் ஒரே பொருளில் ஒரே வார்ப்பாகச் செய்ய வேண்டும் என்று சாரினன் ஆசைப்பட்டார். கண்ணாடியிழைத் தண்டு மனித எடையைத் தாங்கவில்லை. ஆகவே இருக்கையை மட்டும் கண்ணாடியிழையில் வைத்து, காலை அலுமினியத்தில் வார்த்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரே நிறப்பூச்சு கொடுத்தார்கள். இன்று நோல் நிறுவனம் விற்கும் துலிப் நாற்காலியின் அடிப்பாகமும் வார்ப்பு அலுமினியம்தான்.